இடது பக்கத்து மிளகு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். மனதில் பட்டதைச் சொல்லிவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்டவள், பேசியிருக்க வேண்டிய ஓர் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு மலைமேல், அரியூர் நாடு என்கிற பகுதியில் ஒன்றரை ஏக்கர் சரிவு நிலம். மேலே மிளகு, கீழே மரவள்ளி. மிளகுக் கொடிகள் சில்வர் ஓக் மரங்களில் உச்சி வரை ஏறியிருக்கும். தை, மாசியில் என் வீட்டுக்காரர் ஒற்றை மூங்கில் ஏணியை மரத்தில் சாய்த்துக் கயிறு போட்டுக் கட்டுவார். இடுப்பில் சாக்குப்பையோடு ஏறிப் பறிப்பார். நான் கீழே உதிர்வதைப் பொறுக்குவேன். எப்போதும் மேட்டுப் பக்கத்திலிருந்துதான் ஏணி வைப்பார், பள்ளத்துப் பக்கம் ஏணி நிற்காது. அப்படி ஏறி நின்றால் அவருக்கு இடது கைப்பக்கம் அவருடைய அக்காவின் காடு. எனக்கு நாத்தனார் என்றாலும் நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். கணவர் தவறி, மகளும் கல்யாணமாகி சேலத்துக்குப் போய்விட்ட பிறகு அக்கா தனியாகத்தான் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு காட்டுக்கும் நடுவே எல்லையில் பதினோரு மரங்கள். மரமும் மிளகும் எங்களுடையவை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பறித்து முடித்து மரத்தை விட்டு ஏணியை எடுத்தாகிவிட்டால், அதில் மிச்சம் நிற்பதற்கு யாரும் உரிமை பேசக்கூடாது. யார் கைக்கு எட்டுகிறதோ அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பொதுவாக அப்படி மிஞ்சுவது ஒரு கைப்பிடிகூட வராது.

மூன்று வருடத்துக்கு முந்தைய தை மாதத்தில்தான் அதைக் கவனித்தேன். எல்லை மரங்களில் முன்பக்கமும் வலப்பக்கமும் துடைத்து வைத்ததுபோல் இருந்தன. இடப்பக்கத்தில், அதாவது அக்காவின் காட்டைப் பார்த்த பக்கத்தில், நல்ல முற்றிய சரங்கள் அப்படியே தொங்கின. "ஏனுங்க, இதெல்லாம் ஆருக்கு உட்டு வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் பறிச்சுட்டுத்தானே எறங்கினேன்" என்றார். கண்ணெதிரே தொங்குவதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இப்படிப் பொய் சொல்வாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏணி எடுத்த மறுநாள் அக்கா தன் பக்கத்திலிருந்து கைக்கு எட்டியதைப் பறித்துக்கொண்டார். வழக்கப்படி அது சரிதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அடுத்த வருடம் இன்னும் அதிகம் நின்றது. அக்காவும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எல்லையில் நின்று, காடு முழுக்கக் கேட்கும்படி அக்காவைப் பார்த்துக் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "அவன் ஏணிய எடுத்தப்பறம்தானே சாமி கை வெச்சேன்?" என்றார். அந்த நிதானம் என்னை இன்னும் கிளப்பிவிட்டது. அவருக்குக் கை நீளம் என்று சொல்லிவிட்டேன். வாழ்நாளில் அடுத்தவர் மரத்துப் பலாக்கொட்டையைக்கூடத் தொடாத மனுஷி அவர். மடியில் இருந்த சரங்களை எல்லைக் கல்லின் மேல் கொட்டிவிட்டு, திரும்பி நடந்தார்.

ஒரு மாதம் போனதும் மனம் உறுத்தத் தொடங்கியது. பங்குனியில் ஒரு நாள் சோளக்காடு ஊர்ச் சந்தையில், மிளகை விற்றுவிட்டு அக்கா பஸ்ஸுக்கு நடந்து வருவதைப் பார்த்தேன். அவருக்குப் பிடித்த காராபூந்தி கால் கிலோ வாங்கிக்கொண்டு போய், அவர் வரும் வழியில் கடை ஓரமாக நின்றேன். என்னைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு சிரிப்பார், உடனே மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்பது என் கணக்கு. வந்தார். அவருடைய கூடை என் முந்தானையில் உரசியது. முகத்தைத் திருப்பாமல், நேராகப் பார்த்தபடியே என்னைத் தாண்டிப் போனார். அங்கே ஒரு கம்பம் நட்டிருந்தால்கூட ஒதுங்கியிருப்பார் என்று தோன்றியது.

வீடு வருவதற்குள் காராபூந்தியில் பாதியை நானே தின்றுவிட்டேன். மீதியைக் கோழிக்குப் போட்டேன். இனி அந்த வாசற்படியை மிதிப்பதில்லை என்று அன்றைக்குச் சபதம்.

அந்த ஆனி மாதம் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். எழுத்து மங்கலாகத் தெரிகிறது, ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று என் வீட்டுக்காரர் போனார். கண்ணாடி கொடுப்பதற்கு முன் கண்ணின் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். பிறகு அழுத்தம் பார்த்தார்கள். உடனே நாமக்கல்லுக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வெள்ளெழுத்துக்குப் போனவருக்கு இது என்ன என்று எரிச்சலோடுதான் நானும் கூடப் போனேன்.

அங்கே ஓர் இருட்டறையில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருந்த கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரங்களில் எங்கே வெளிச்சம் மின்னினாலும் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நான் கதவோரம் நின்றிருந்தேன். வலது கண்ணுக்குப் பார்த்தபோது பொத்தான் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இடது கண்ணுக்கு வந்ததும் நின்றுபோனது. ரொம்ப நேரம் கழித்து ஒரு சத்தம். திரும்பவும் ஒன்றும் இல்லை. வெளியே வந்தவர், "எல்லாத்தையும் சரியா அமுக்கிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார்.

டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர். இரண்டு காகிதங்களை மேசைமேல் வைத்தார். ஒன்றில் ஆங்காங்கே சாம்பல் நிறம். இன்னொன்றில் நடுவில் கொஞ்சம் தவிர எல்லாமே கறுப்பு. கிளாக்கோமா, கண் அழுத்த நோய் என்றார். கண்ணுக்குள் எப்போதும் ஒரு நீர் ஊறி வடிந்துகொண்டே இருக்குமாம். வடிவது குறைந்தால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடுமாம். மரவள்ளிக் காட்டில் வடிகால் அடைத்துக்கொண்டால் மேலே இலை பச்சையாகவே இருக்கும், மண்ணுக்குள் கிழங்கு அழுகிவிடும். எனக்கு அது உடனே புரிந்தது.

"வலிக்கவே இல்லைன்னு சொல்றாரேம்மா?" என்றேன்.

"பெரும்பாலும் வலிக்காது. ஓரத்துப் பார்வைதான் முதல்ல போகும். நடுவுல கடைசி வரைக்கும் தெரியும். ஊசியில நூல்கூடக் கோப்பாங்க. போன இடம் கறுப்பாவும் தெரியாது. அங்க ஒண்ணுமே இல்லைங்கற மாதிரி இருக்கும்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பக்கத்தில் மிளகே இல்லை.

போன பார்வையை எந்த மருந்தும் திருப்பிக் கொடுக்காது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து, ஒரு நாள்கூட விடக்கூடாது, சொட்டு கேட்காவிட்டால் லேசர் இருக்கிறது, ஆபரேஷன் இருக்கிறது என்றார் டாக்டர். இனி ஏணி ஏறக்கூடாது என்றும் சொன்னார். கடைசியில் பேனாவை மூடிக்கொண்டே, "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? இது குடும்பத்துல வரும். நாற்பது தாண்டின எல்லாரும் சோதிச்சுப் பாத்தே ஆகணும். தள்ளிப் போடாதீங்க" என்றார்.

ஊருக்கு வந்ததும் நான் காட்டுக்குத்தான் போனேன். எல்லையை விட்டு உள்ளே, நடுக்காட்டு மரங்களைப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஒவ்வொரு மரத்திலும் இடப்பக்கத்துச் சரங்கள் பறிக்கப்படாமல் காய்ந்து, கறுத்துத் தொங்கின. இரண்டு வருடமாக நான் எல்லை மரங்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். சரிவில் அவர் ஏணியில் நின்ற அத்தனை நாளும் ஞாபகம் வந்தது.

சொட்டு மருந்து போடுவது என் வேலையானது. கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட வேண்டும், பிறகு கண்ணை மூடச் சொல்லி மூக்கோரத்தை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு மாதத்தில் அவருக்குச் சலித்துவிட்டது. "போட்டும் ஒண்ணும் தெளியலியே, எதுக்கு இது?" என்று பாட்டிலைத் தள்ளினார். "தெளிய வெக்கறதுக்கு இல்லீங்க. இருக்கறதும் போயிராம இருக்கறதுக்கு" என்று கத்தினேன். இந்த நல்ல காரியத்துக்காவது என் வாய் உதவியது.

அக்காவுக்கு அவரே போய்ச் சொன்னார். அக்கா சிரித்தாராம். "எனக்கென்னடா, ஊசியில நூல் கோக்கறேன்" என்றாராம். இவர் விடாமல் கெஞ்சியதும், "உன் ஊட்டுக்காரி வந்து கூப்புடட்டும், வாரேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் போகவில்லை. தப்பு என்னுடையது என்று எனக்கு அப்போது நன்றாகவே தெரியும். ஆனாலும், மன்னிப்புக் கேட்க வந்து நின்றவளைச் சந்தையில் கண்டுகொள்ளாமல் போனாரே என்ற ஒன்றை உள்ளே பிடித்து வைத்திருந்தேன். முதலில் அவர் இறங்கி வரட்டும் என்று இருந்தேன். ஊசியில் நூல்கூடக் கோப்பார்கள் என்று டாக்டர் சொன்னது என் காதில்தான் விழுந்தது. அது தெரிந்தும் ஆனி போய், ஆடி போய், ஐப்பசி வரை நான் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், எல்லைக் கல்லின் மேல் ஏறி நின்று பார்த்தேன். கீழே அக்கா தன் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் வாசலில் ஒரு சருகு கிடந்து நான் பார்த்ததில்லை, அவ்வளவு சுத்தம். கூட்டி முடித்து, நிமிர்ந்து, திருப்தியாக ஒரு முறை பார்த்துவிட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். அவருக்கு வலப்பக்கம் இருந்த வாசல் முழுக்க இலையும் சருகும் அப்படியே கிடந்தன.

நான் செருப்பைக்கூட மாட்டவில்லை. சரிவில் ஓடினேன். வாசலில் நின்று, "அக்கா, நாமக்கல் போலாமுங்க, கெளம்புங்க" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதே மறந்துபோனது. அவர் வெளியே வந்தார். "இப்பவாச்சும் வந்தியே சாமி" என்று சொல்லிவிட்டுச் சேலை மாற்றப் போனார்.

அதே இருட்டறை, அதே கிண்ணம். இந்த முறை சத்தம் கேட்காமல் போனது வலது கண்ணுக்கு. இடது கண்ணிலும் தொடங்கிவிட்டிருந்தது. நான் டாக்டரிடம் தனியாகப் போய், அப்போதே கூட்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் என்னை ஆறுதல்படுத்தப் பொய் சொல்லவில்லை. "எவ்வளவுன்னு சொல்ல முடியாதுங்க. ஆனா இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்" என்றார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாரையாவது நக்கலடிப்பது எனக்குப் பழக்கம். அன்றோடு அந்தப் பழமொழியை என் வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு இடப்பக்கம், மடியில் மருந்துப் பையோடு. மலையேறி வளைவுகள் தொடங்கியபோது அவர் கேட்டார்.

"கை நீளம்னு சொன்ன. சரி, நீ கோவத்துல சொல்லிட்டன்னு உட்டுட்டேன். அதுக்கப்பறம் ஒரு எட்டு வந்து பாக்கவே தோணலியா சாமி உனக்கு? தெனமும் மேட்டப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"வந்தனுங்க. பங்குனியில, சோளக்காட்டுல. உங்களுக்குக் காராபூந்தி வாங்கிக்கிட்டு வழியில நின்னனுங்க. உங்க கூடை என் மேல உரசுச்சு. நீங்க திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டீங்க."

அவர் புருவத்தைச் சுருக்கி யோசித்தார். அப்படி ஒரு நாளே அவர் நினைவில் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"எந்தப் பக்கம் நின்ன?"

"உங்களுக்குச் சோத்துக்கைப் பக்கமுங்க."

பஸ் ஒரு வளைவைத் திரும்பி, அடுத்த வளைவையும் திரும்பியது. அக்கா என் மடியிலிருந்த மருந்துப் பையின் மேல் கையை வைத்தார்.

"ஒரு வார்த்தை கூப்புட்டிருக்கலாமில்ல சாமி?" என்றார். "கூப்புட்டிருந்தா திரும்பியிருப்பேனே."