எதிராளி கையை ஓங்கும்போது வரும் இருமல்

எங்கள் ஊரில் மாலை வெயில் தாழ்ந்ததும் நாங்கள் சிலர் இரும்புக் குண்டுகளோடு மைதானத்துக்குப் போய்விடுவோம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெத்தாங் ஆட்டம். தரையில் கிடக்கும் சின்ன மர உருண்டைக்கு மிக அருகில் யார் குண்டு விழுகிறதோ அவருக்குப் புள்ளி. இதற்கு நல்ல கையும் கண்ணும் வேண்டும், சுற்றிலும் அமைதி வேண்டும். முதல் இரண்டும் என்னிடம் சுமார்தான். மூன்றாவதை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

சின்ன வயதிலிருந்தே எனக்கு மூச்சிழுப்பு உண்டு. போன மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு இருமலும் வந்து சேர்ந்துகொண்டது. நான் வீசும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். அடக்கியதெல்லாம் எதிராளி கையை ஓங்கும் நேரத்தில் வெடிக்கும். அவருடைய குண்டு எங்கோ போகும். என் கூட்டாளியான மச்சினன் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டுவான். நாங்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தோம்.

நான் வேண்டுமென்றே இருமுகிறேன் என்று எங்களிடம் தோற்ற ஒரு மீனவர், வைத்திக்குப்பத்துக்காரர், கிளப்பிவிட்டார். அவருடையது வலை வீசிப் பழகிய கை, குறி தப்பாது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. சண்டை போட வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஏமாற்றுக்காரன் என்ற பெயரோடு அந்த மைதானத்தில் காலெடுத்து வைக்க என்னால் முடியாது. கோடைப் போட்டியில் அவரோடு மோத வேண்டியிருந்தது. அதற்குள் இருமலை ஒழித்தே தீருவது என்று நெஞ்சு டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரே, ரத்தம், சளி எல்லாம் பார்த்துவிட்டு நெஞ்சில் பூஞ்சை என்றார். எங்கள் படுக்கையறைச் சுவர் ஓதம் ஏறிக் கறுத்துக் கிடந்தது நினைவுக்கு வந்தது. சுவரை மட்டும் குறை சொல்ல முடியாதாம். பூஞ்சையின் வித்து காற்றில் எங்கும் மிதக்கிறது, தினமும் எல்லோரும் அதை இழுக்கிறோம். மற்றவர்கள் நெஞ்சில் காவல் அணுக்கள் சத்தமில்லாமல் அதை விழுங்கித் தீர்த்துவிடும். என் நெஞ்சில் அது சளியில் ஒட்டிக்கொண்டு முளைவிட்டதும் உடம்பு ஊரையே கூட்டிவிட்டது. ஒவ்வாமையைக் கிளப்பும் சரக்கு ரத்தத்தில் ஏறிக் கிடந்தது. ஓடிவந்து குவிந்த வெள்ளையணுக்கள் வீக்கமும் சளியுமாக மூச்சுக்குழாயையே நாசம் செய்துகொண்டிருந்தன.

"பூஞ்சை செய்யறதவிட உங்க உடம்பு செய்யற ரகளதான் ஜாஸ்தி," என்றார் டாக்டரம்மா. "மொதல்ல அத அடக்கணும்."

பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு அன்றைக்குத் தீபாவளி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற புத்தி இவருக்கு உள்ளேயும் இருக்கிறதா என்று டாக்டரிடமே கேட்டாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டு எழுதினார்.

ரகளையை அடக்க ஸ்டீராய்டு, பூஞ்சைக்குத் தனி மாத்திரை. இரண்டையும் ஒழுங்காக விழுங்கினேன். முகம் இட்லி போல் உப்பியது, இருமல் போயே போய்விட்டது. வீட்டில் துக்கம் கொண்டாடியவன் மச்சினன் ஒருவன்தான். "கொஞ்சமாவது மிச்சம் வச்சிருக்கக் கூடாதா மாமா," என்றான்.

போட்டியில் கடைசிக் குண்டு வைத்திக்குப்பத்துக்காரருடையது. அருகில் விழுந்தால் ஆட்டம் அவருக்கு. கையை ஓங்கினார். மச்சினன் முழங்கையால் என் விலாவில் இடித்தான். என்ன செய்ய, காற்று சுகமாகப் போய்ச் சுகமாக வந்துகொண்டிருந்தது. அவர் ஓங்கிய கையோடு என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். தோளை இறுக்கினார். வராத இருமலுக்காகக் காத்துக் காத்து, பொறுக்க முடியாமல் வீசினார். குண்டு மர உருண்டையைத் தாண்டி வேப்பமரத்தடிக்கு உருண்டு போனது.

ஒன்றுமில்லாததற்குத் தயாராகி நின்று படும் பாடு என் நெஞ்சுக்குத் தெரியும். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. இனி யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது என்ற தைரியத்தில் கை கொடுக்கப் போனேன்.

அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்: "பாத்தீங்களா? இப்ப இருமாம இருந்தே ஏமாத்துறாரு."