டிரம்மில் நின்ற நீலம்

மயில்துத்தக் கட்டிகளை வெள்ளைத் துணியில் முடிந்து, தண்ணீரின் மேல்மட்டத்தைத் தொடும்படி பிளாஸ்டிக் டிரம்மில் தொங்கவிட்டோம். அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. முதலில் நான் நீட்டியது இரும்பு வாளி.

“ஏன் புள்ள, காலேஜில வாளியப் பத்திச் சொல்லித் தரலியா?”

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. கரைசலிலுள்ள செம்பு இரும்பின்மேல் படியும், வாளி அரிக்கும் என்று தெரியும். கை மறந்துவிட்டது.

துணியிலிருந்து நீல இழைகள் இறங்கின. கலக்கக் குச்சி எடுத்தேன்.

“வேணாம். அதுவா எறங்கும்.”

துத்தம் கரைந்த நீர் கனம், கீழே போகும். வெறும் நீர் மேலே வந்து மிச்சத்தைக் கரைக்கும். குச்சியைக் கீழே வைத்தேன். மூடுபனி டிரம் வரை வந்திருந்தது. இழைகள் அடியை எட்டுமுன் புகைபோல விரிந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்பா பெயர் அய்யாவு. இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, இங்கே நீலகிரிக்கு வந்து முப்பது வருடம் தேயிலைக்கு மருந்தடித்தவர். பச்சை இலை விலை விழுந்து ஃபேக்டரி மூடியதும், எமரால்டு கிராமத்தில் அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து உருளைக்கிழங்கு போட்டார். விளைந்தால் மலையிலேயே இருக்கலாம். இல்லையென்றால் என்னோடு திருப்பூர்.

“அந்த வெயில்ல என்னைய வத்தலாக் காயப்போடப் போறியா?”

பக்கத்து நிலத்து வேலாமணியக்காவின் செடிகளில் கருகல் நோய் வந்துவிட்டது. எங்களுடையதில் இன்னும் இல்லை. துத்த நீரை மட்டும் அடித்தால் இலை வெந்துவிடும். சுண்ணாம்புப் பாலோடு சேர்க்க வேண்டும். அளவு பார்க்க அப்பா, தேயிலைக் கிளை வெட்டும் கவாத்துக் கத்தியைக் கலவையில் முக்குவார். கத்தியில் செம்பு ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. அதற்கென நான் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த அமிலச் சோதனைத் தாளைச் சுருட்டிக் காது குடைந்தார்.

“காலையில மொத பஸ்ஸுல மஞ்சூர் போய்ச் சுண்ணாம்பு வாங்கியாந்துடுறேன். நீ தூங்கு.”

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் பையோடு உட்கார்ந்திருந்தார். பஸ் வந்தபோது எழவில்லை.

அவரை இங்கேயே அடக்கம் செய்தோம்.

பதினோராம் நாள் வேலாமணியக்கா எங்கள் ஓரச் செடிகளைக் காட்டினார்.

“ரெண்டு வரிசதான், கண்ணு, கருகியிருக்குது. இன்னிக்கு அடிச்சா மிச்சம் நிக்குமுங்க.”

டிரம்மைத் திறந்தேன். துணி காலி. அடிமுதல் மேல்வரை ஒரே நீலம். சுண்ணாம்பு சேராதவரை அது கெடாது. கத்தியை முக்கி எடுத்தேன். செம்பு ஏறியிருந்தது; சுண்ணாம்பு வேண்டும்.

அவருடைய பை ஆணியில் தொங்கியது. மடிப்புக்கூடக் கலையவில்லை. மஞ்சூர் பஸ் ஒன்பதரைக்கு.