வளையம் இல்லாத மருந்து

போன கிழமை கண்டியில் ஓர் ஆஸ்பத்திரி வாங்கில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மனைவியின் தம்பி செல்வராஜ். பன்வில பக்கம் தோட்டத்தில் வீடு, வத்தேகமவில் சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறவர். வலது கண்ணைப் பஞ்சு வைத்து மூடியிருந்தார்கள்.

அக்கி! நெற்றியில் சில கொப்புளங்களாகத்தான் தொடங்கியிருக்கிறது. நம் ஆட்கள் அக்கிக்கு டாக்டரிடமா போவார்கள்? தோட்டத்தில் அக்கி எழுதத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, காவியைக் குழைத்து நெற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அது தானாக உதிரும் வரை தண்ணீர் படக் கூடாது. இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது. கொப்புளம் இமைக்கு இறங்கி, கண்ணைத் திறக்கவே முடியாமல் போன பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

டாக்டர் காவித் தடத்தைப் பார்த்தார். திட்டவில்லை... அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இத ஆரம்பத்துலயே குடுத்திருக்கணும்" என்று மட்டும் சொல்லி, மருந்தின் பெயரை எழுதினார். அசைக்ளோவிர்.

என் வியாதி உங்களுக்குத் தெரிந்ததுதானே? புதுச் சொல்லைக் கண்டால் வேர் வரை தோண்டாமல் விடமாட்டேன். கண் பரிசோதனைக்குக் காத்திருந்த நேரத்தில் போனை எடுத்தேன். 'அ' என்றால் கிரேக்கத்தில் 'இல்லை' — நம் அநியாயத்தில் வருகிற 'அ' மாதிரி. 'சைக்ளோ' என்றால் வளையம். 'விர்' — வைரஸ் மருந்துகளுக்கு வழக்கமாக வைக்கும் வால். வைரஸ் என்ற சொல்லே லத்தீனில் விஷம்தானாம்!

அதென்ன வளையம்? கிருமி தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்க, சின்னச் சின்னத் துண்டுகளைக் கோத்துக்கொண்டே போகும். இந்த மருந்தும் அப்படி ஒரு துண்டு போல வேஷம் போட்டு உள்ளே நுழையும். ஆனால் இருக்க வேண்டிய வளையம் அதில் இருக்காது. ஏமாந்து அதைக் கோத்துவிட்டால், அடுத்த துண்டு ஏறாது. கிருமியின் கதை கந்தல்!

உற்சாகமாக எல்லாவற்றையும் செல்வராஜிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப இனிமே கிருமி பெருகாதுங்களா மச்சான்?"

"பெருகாது."

"சரிங்க... இதுவரைக்கும் கெடுத்தத என்னா செய்யும்?"

நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டதாம். பழைய பார்வை திரும்புவது சந்தேகம் என்றார் டாக்டர். அக்கி எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை, கூப்பிட்டார்கள், வந்தார். நம்மை நினைத்துத்தான் ஆத்திரம். எழுதுவதென்றால் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா! ஆனால் அன்றைக்கே டாக்டரிடமும் காட்டினால் எந்தச் சாமி கோபிக்கப் போகிறது?

குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். செல்வராஜ் கம்பியைத் தடவிப் பிடித்து, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

ஆட்டோவின் பின் சீட்டில் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.