மீன் தொட்டிக்கு ஒரு வாளி போதும்

நாங்கள் பொன்மலையில் இருக்கிறோம். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். வெயில் காலத்தில் எங்கள் மீன் தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும். தானாக நிரம்பட்டும் என்று மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் மிதவை வால்வு வாங்கினேன். தண்ணீர் குறைந்தால் திறக்கும், நிறைந்தால் மூடும்.

"அக்கா, மாடி டேங்க்ல நேரா மாட்டாதீங்க. மூடாம சிக்கிக்கிச்சுன்னா டேங்க் தண்ணி மொத்தமும் வீட்டுக்குள்ள வந்துடும். ஒரு வாளியில தண்ணி வச்சு அதுல மாட்டுங்க" என்றார் கடைக்காரர்.

"வாளியை யாருங்க தினம் ரொப்பிக்கிட்டு இருக்கிறது?" என்று சொல்லிவிட்டு வந்து டேங்கிலேயே மாட்டினேன்.

ஒரு நாள் ஸ்ரீரங்கத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போய்த் திரும்பினோம். கதவைத் திறந்தால் கூடமெல்லாம் தண்ணீர். என் கணவர் வெறுங்காலோடு உள்ளே போகப் பார்த்தார். தொட்டி மோட்டாருக்காகத் தரையில் வைத்திருந்த பிளக் பாக்ஸ் தண்ணீருக்குள் கிடந்தது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வாசலில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் விட்டேன்.

வால்வில் தொட்டி நத்தை ஒன்று சிக்கியிருந்தது. அதனால் மூடவில்லை.

"மீனுக்குத் தொட்டி பத்தலன்னு வீட்டையே குடுத்துட்டியா? போதும், யாருக்காவது தூக்கிக் குடுத்துடு" என்றார் அவர்.

"மீன் என்னங்க பண்ணுச்சு? மாட்டுனவ நான். நானே சரி பண்றேன்" என்றேன்.

பிளக் பாக்ஸைச் சுவரில் உயரமாக அடித்தேன். தொட்டிக்கு மேலே பலகை போட்டு, சின்ன வாளி வைத்து, அதிலிருந்து குழாய் இறக்கி வால்வில் மாட்டினேன். நத்தை ஏறாமல் வால்வைச் சுற்றி வலையும் கட்டினேன். பிறகு வாளித் தண்ணீர் முழுவதையும் தொட்டியில் கொட்டிப் பார்த்தேன். விளிம்பைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகுதான் தொட்டிக்கு மறுபடி கரண்ட் கொடுத்தேன்.

வாளியைத் தினமும் காலையில் நான்தான் நிரப்புகிறேன்.