குள்ளம்மாள் மலைக்குச் சுமந்த அடுப்பு

என் பெரியப்பா மகன் சென்றாயனின் மனைவி குள்ளம்மாள், பாலக்கோட்டுச் சர்க்கரை ஆலை உணவகத்தில் ஓய்வுபெறும்வரை சமையல் செய்தவர். எனக்கு அண்ணி முறை. அண்ணன் இறந்தபின் ஒரே மகள் யுவராணியைப் படிக்கவைத்து ஓசூருக்கு வேலைக்கு அனுப்பியவரும் அவரே. அவர் வாழ்க்கையில் குறித்துவைக்க வேண்டியவை வேறு பல உண்டு. ஆயினும் பங்காளிகள் கூடும்போது பேச்சு வந்து நிற்பது, சென்ற தை மாதம் அவர் குலதெய்வக் குன்று ஏறியதில்தான். குன்றின்மேல் நடந்ததை நான் உடனிருந்து பார்த்தேன். வீட்டில் நடந்தவை யுவராணி சொல்லித் தெரிந்தவை.

யுவராணி விடுமுறை நாட்களில் தோழிகளோடு முதுகுப்பை மாட்டிக்கொண்டு மலைப்பாதைகளில் நடந்து பழகியவள். சில ஆண்டுகளுக்கு முன் நல்லம்பள்ளி அருகே அவள் வந்த ஸ்கூட்டர்மீது வேன் மோதியது. சேலம் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தாள். மகள் கண் விழித்தால் குன்றேறிப் பொங்கல் வைப்பதாக அண்ணி வேண்டிக்கொண்டார். அவள் விழித்தாள். காலில் கம்பி வைத்ததால் நடை மட்டும் பழையபடி ஆகவில்லை.

எங்கள் பங்காளிகளிடம் இதற்கொரு முறை உண்டு. வேண்டிக்கொண்டவரே பானை, அரிசி, எரிபொருள் அனைத்தையும் சுமந்து ஏற வேண்டும். வேறொருவர் சுமந்தால் அது வேண்டிக்கொண்டவரின் பொங்கல் ஆகாது. பால் பானையின் வாயைத் தாண்டிப் பொங்கி வழிய வேண்டும். தண்ணீர் மட்டும் மேலே சுனையில் கிடைக்கும்.

வேண்டுதலைச் செலுத்தும் முன்பே அண்ணிக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நின்று நின்று ஏறலாம், சுமை தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். அண்ணனின் தமையன் சின்னராஜ் எளிய வழி சொன்னார்.

“நாங்க தூக்கியாறோம், நீ வந்து பத்தவெய்யி. சாமி கோவிச்சுக்குமா?”

“வேண்டிக்கிட்டது நானுங்க மாமா” என்று அண்ணி முடித்துக்கொண்டார்.

அன்று யுவராணி பரண்மேல் கிடந்த தன் பையை இறக்கச் சொன்னாள். உள்ளே கைப்பிடி மடங்கும் சிறிய அலுமினியப் பாத்திரம். அதற்குள், உள்ளங்கை அளவுக்கு மடங்கும் மூன்று கால் அடுப்பு. விறகுக்குப் பதிலாக எரிக்க, கற்பூரம்போன்ற வெள்ளை வில்லைகள். காற்றை மறைக்க மெல்லிய தகடு. அனைத்தும் சேர்ந்து, சோறு நிறைத்த ஒரு தூக்குப்போசியின் எடைகூட இல்லை. புழக்கடையில் தேநீர் வைத்துக் காட்டினாள்.

“பாதிக்குமேல ஊத்தாதம்மா. மூடி போட்டே வெய்யி.”

“பாதி ஊத்துனா பொங்கி வழியுமா?”

“வழியவே கூடாது. வழிஞ்சா வில்லை அணஞ்சிடும்.”

“வழியாம அது என்னா பொங்கலு?”

ஆலையில் ஆள் உயர அண்டாக்களை ஆண்டவருக்கு இந்தச் சின்னப் பாத்திரம் விளையாட்டாகத் தோன்றியிருக்க வேண்டும்.

பொங்கல் வைக்கும் நாளன்று யுவராணி அடிவாரத்தில் வேனிலேயே இருந்தாள். அண்ணி பையை மாட்டிக்கொண்டு வெறுங்காலுடன், ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். மேலே அவர் அடுப்பை விரித்ததும் சின்னராஜ் சிரித்தார்.

“ஏம்மா குள்ளம்மா, சொப்பு வெச்சி வெளையாட வந்தியா?”

அவர் மனைவி மாதம்மாள் வில்லையை எடுத்து முகர்ந்தார். “கற்பூரத்துலயா பொங்கற? சாமிக்குக் காட்டக் கொஞ்சம் மிச்சம் வெய்யி.”

“கற்பூரம் இல்லக்கா, அது மருந்து. வாயில கீயில வெச்சிராதீங்க.”

அண்ணி பாலும் நீருமாகக் கழுத்துவரை ஊற்றினார். ஊறவைத்த அரிசியைப் போட்டார். மூடியைக் கீழேயே வைத்துவிட்டார். வெகுநேரம் காத்திருந்தபின் கிழக்குப் பக்கமாகப் பால் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். குலவை முடியுமுன் ‘சுர்’ என்ற ஓசையுடன் வில்லைகள் அணைந்தன. அரிசி அரிசியாகவே கிடந்தது.

“அடுப்பு அவிஞ்சிருச்சி. இது ஆவாது. அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றார் சின்னராஜ்.

“அடுத்த வருசத்துக்கு டாக்டரு சீட்டு எழுதிக் குடுக்கலீங்களே மாமா.”

மாதம்மாள் பக்கத்தில் தான் பொங்கல் வைத்திருந்த விறகடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை உருவிக்கொண்டு வந்தார். “இந்தா, மொறை பாக்காத, எங்க வெறகுலயே வேவட்டும்.”

“வெறகு உங்குளுதுன்னா பொங்கலும் உங்குளுதுக்கா.”

நெகிழி உறையில் இரண்டு வில்லைகள் நனையாமல் இருந்தன. முழுப் பாத்திரத்தையும் வேகவைக்க அவை போதா என்பது அண்ணிக்கு இப்போது தெரிந்தது. பெரும்பகுதியைத் தொன்னையாக மடித்த இலையில் இறக்கிவிட்டு அடியில் கொஞ்சம் மட்டும் நிறுத்தினார். அடுப்பை முந்தானையால் துடைத்தார். தகட்டை இன்னும் நெருக்கமாக வளைத்து, வில்லைகளைப் பற்றவைத்து, இம்முறை மூடி போட்டார். காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

இது பொங்கல் ஆகாது என்று சின்னராஜ், பூசாரி பச்சியப்பனிடம் முறையிட்டார். பூசாரி தலையைச் சொறிந்தார்.

“வழிஞ்சத எல்லாரும் பாத்தாச்சுங்க. வெந்துச்சின்னா படைச்சிடறேன். வேவலீன்னா எனக்கும் வழி தெரியல.”

வில்லைகள் எரிந்து தீர்ந்ததும் அண்ணி மூடியைத் தூக்கி, ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்து, பாத்திரத்தைப் பூசாரியின் முன் வைத்தார். அவரும் நசுக்கிப் பார்த்துவிட்டு ஒரு கரண்டி எடுத்துப் படைத்தார். எஞ்சியது ஒருவர் சாப்பிடும் அளவுகூட இல்லை. சின்னராஜ் கையை நீட்டினார்.

“எனக்கு ஒரு வாயி?”

“ஆவாதுன்னீங்களே மாமா” என்று அண்ணி பாத்திரத்தை மூடினார். மாதம்மாள் சிரித்த சிரிப்பில் சின்னராஜ் கையை மடக்கிக்கொண்டார்.

இறங்கும்போதும் பையை யாரிடமும் கொடுக்கவில்லை. வேனில் யுவராணி முதலில் பார்த்தது பாத்திரத்தின் வெளிப்புறத்தை. காய்ந்த பால் கோடுகோடாக ஒட்டியிருந்தது.

“வழிய உட்டுட்டியா?”

“உட்டேன்.”

“சொன்னேனில்லம்மா.”

“சாப்புடு.”

“அடி தீஞ்சி போயிருக்குது.”

யுவராணி வெந்ததைத் தின்றுவிட்டு, தீய்ந்ததையும் சுரண்டித் தின்றாள். அது முடியும்வரை அண்ணி செருப்பை மாட்டிக்கொள்ளாமல் வேனின் படியில் உட்கார்ந்திருந்தார்.