அக்கா வீட்டுக்கு நான் போட்ட டிக்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்து நீங்களாகக் கண்டுபிடிக்கிற சிரமம் எதற்கு? சாதாரண முட்டாள் அல்ல, கம்ப்யூட்டர் தெரிந்த முட்டாள். இந்த ரகம் கொஞ்சம் ஆபத்தானது. சாதாரண முட்டாள் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். என் பேச்சைக் கேட்டு என் அக்கா ஒரு வீட்டையே கட்டினாள்.

ஒரு சின்னச் சதுரக் கட்டம், அதற்குள் ஒரு டிக். என் முட்டாள்தனத்துக்கு உருவம் கேட்டால் அதைத்தான் காட்டுவேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளனாக இருந்தேன். உத்திரமேரூரிலிருந்து தினமும் பஸ். மாணவர்கள் அணைக்காமல் விட்டுப்போன கம்ப்யூட்டர்களை அணைப்பது, மவுஸின் வயிற்றைத் திறந்து உருண்டையில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டுவது, கரண்ட் போனால் ஜன்னலைத் திறந்துவிடுவது, இவ்வளவுதான் வேலை. ஊருக்கு அது வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருந்தது. “கம்ப்யூட்டர்ல கீறான்” என்றார்கள், ஏதோ ராக்கெட்டில் இருப்பதைப் போல. நானும் மறுத்ததில்லை. மறுக்கிற அளவுக்கு நல்லவனாக இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது.

அக்காவைத் திருப்புலிவனத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமா நெல் பயிரிடுகிறவர், வாய் திறக்காதவர். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அவருடைய அம்மா பேசிவிடுவார். அக்காவின் மாமியாரான அந்த அம்மா ‘வாணாம்’ என்று சொல்லாத பொருளே அந்த வீட்டில் கிடையாது. காஸ் அடுப்பு வாணாம், வெடிக்கும். மிக்ஸி வாணாம், சட்னி சூடேறிப்போகும். தையல் மிஷின் வாணாம், கண்ட பொம்பளையும் வாசப்படி ஏறுவாள். அக்கா ஒவ்வொன்றையும் சண்டை போட்டுத்தான் உள்ளே கொண்டுவந்தாள். கடைசியில் அவள் கேட்டது தனி அடுப்பு, தனிக் கதவு. ஊர் ஏரியின் உள்வாயில், கரைக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் நிற்கிற இடத்தைத் தாண்டி, மாமாவுக்குக் கொஞ்சம் பட்டா நிலம் இருந்தது. இரண்டு பெண் குழந்தைகளோடு அங்கே போய்விடலாம் என்றாள். மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “அங்க வாணாம். ஏரி வரும்” என்றார்.

ஏரியா? வருடக்கணக்காக அந்த ஏரியில் தண்ணீரைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. வேலிக்காத்தான் ஆள் உயரத்துக்கு நின்றது. மிச்ச இடத்தில் கிரிக்கெட். நானே அங்கே பேட் பிடித்து, வந்த முதல் பந்திலேயே அவுட்டாகி, மதகின்மேல் உட்கார்ந்து ஸ்கோர் சொல்லியிருக்கிறேன். “ஏரி எப்டி வரும்? பஸ் ஏறி வருமா?” என்று அக்கா மாமியார் காதில் விழுகிற மாதிரியே கேட்டாள். ஆனாலும் அவளுக்குள் ஒரு முள் குத்திக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். அடுத்த முறை நான் போனபோது கொல்லைப்பக்கம் இழுத்துப்போய்க் கேட்டாள். “டேய் கம்ப்யூட்டரு, தண்ணி எதுவரிக்கும் ஏறும்னு பாத்துச் சொல்றாப்ல உங்க காலேஜ்ல எதுனா கீதா?”

இருந்தது, அதுதான் வினை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று சிமுலேஷன் மாடல்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து இன்டர்நெட்டில் வைத்திருந்தது. ஏரியின் நீள அகலம், ஆழம், மண் எல்லாவற்றையும் கொடுத்தால், மழை பெய்கையில் தண்ணீர் எதுவரை பரவும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் புரோகிராம்கள். எங்கள் சிவில் மாணவர்கள் புராஜெக்டுக்காக அதில் தேடுவார்கள். அக்கா ஊர் ஏரியையே அளந்து வைத்திருந்த ஒரு மாணவன் அளவுகளைக் கொடுத்தான். லீவு நாளில் அக்காவை லேபுக்கு வரச்சொன்னேன். புளிசோறு கட்டிக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள். நான் சுழல்நாற்காலியில் தேவைக்கு அதிகமாகவே சுழன்றேன்.

‘ஏரி’ என்று தேடினால் மாடல்கள் பக்கம் பக்கமாக வந்தன. எங்கள் இன்டர்நெட்டுக்கு ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் பட்டியலைச் சுருக்க ஓரத்தில் இருந்த வடிகட்டிக் கட்டங்களுக்குப் போனேன். எதில் டிக் போடுகிறோமோ அந்த வகை மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் கண்ணில் படாமல் மறைந்துவிடும். மழை என்ற தலைப்பின் கீழ் மூன்று கட்டங்கள். அக்காவுக்குப் படித்துச் சொன்னேன்: வறண்ட பகுதி, மிதமான மழை, பருவமழை அதிகம். சொல்லிவிட்டு, வல்லுநர் மாதிரி தாடையைத் தடவினேன்.

“இன்னா யோசிச்சிக்கினு கீற?” என்றாள் அக்கா. “நம்ம ஊர்ல மழயக் கண்டு எம்மா நாளாவுது? மொதக் கட்டத்துல போடு.”

போட்டேன். பக்கங்கள் எல்லாம் மறைந்து கைவிரலுக்குள் அடங்கிய பட்டியல் நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதில் ஒன்றை ஓட்டினேன். திரையில் ஏரி நீலமாகத் தேங்கியது, அக்காவின் நிலத்துக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிட்டது. அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தாள். “கெயவிக்கு இதக் காட்டணும்” என்று மாமியாரை இழுத்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

வீடு எழும்பியது. பச்சைச் சாயம் அடித்த கதவு, அவள் கேட்டபடியே தனி அடுப்பு. பால் காய்ச்சிய அன்று மாமியார் வந்து, ஒரு வாய் பால் குடித்து, ஏரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அதைப் பொறாமை என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிச் சிரித்தோம்.

அப்புறம் ஒரு ஐப்பசியில் மழை பிடித்தது. விடவேயில்லை. எங்கள் ஏரி தன் மழையால் மட்டும் நிறைந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கலாம். மேலே இருந்த ஏரி நிரம்பி வழிந்து, அந்தத் தண்ணீரும் இதில் வந்து விழுந்தது. எங்கள் பக்கத்து ஏரிகள் அப்படித்தான், ஒன்றின் எச்சில் இன்னொன்றுக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது. அக்காவும் குழந்தைகளும் நனைந்துபோய் மேட்டில் நின்றார்கள். மாமா இடுப்பளவுத் தண்ணீரில் தையல் மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். பின்பக்கச் சுவர் சத்தமே இல்லாமல், யாரோ உட்காரச் சொன்ன மாதிரி, தண்ணீருக்குள் உட்கார்ந்தது. பச்சைக் கதவு மட்டும் சட்டத்தோடு கொஞ்ச நேரம் நின்றது. மாமியார் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தார். ‘நான் அன்னிக்கே சொன்னன் இல்ல’ என்று ஒரு வார்த்தை வரும், அதோடு இந்தக் கணக்கு தீரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

லேப் திறந்ததும் அதே பக்கத்துக்குப் போனேன். அந்த டிக்கை எடுத்தேன். மறைந்திருந்ததெல்லாம் திரும்ப வந்தது. அடுத்தடுத்து இருக்கும் ஏரிகளுக்கென்றே, பருவமழைக்கென்றே செய்த மாடல் ஒன்று முதல் பக்கத்திலேயே இருந்தது. ஓட்டினேன். நீலம் மெல்லப் பரவி அக்காவின் நிலத்தை மூடிக்கொண்டு போனது. அந்த மாடல் எங்கும் போய்விடவில்லை, அங்கேயேதான் இருந்திருக்கிறது. பார்க்க வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். மாமியாரின் ‘வாணாம்’களுக்கும் நாங்கள் அப்படி ஒரு டிக் போட்டு வைத்திருந்தோம் போல. காஸ் அடுப்பு, மிக்ஸியோடு சேர்ந்து ஏரியும் மறைந்துபோயிற்று.

அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “நான்தான போடச் சொன்னன்” என்றாள். பழைய வீட்டுக்கே, அதே சமையலறைக்கே திரும்பினாள். ஆனால் ‘கம்ப்யூட்டரு’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். “வா தம்பி, உக்காரு தம்பி” என்று விருந்தாளிக்குச் சொல்வதைப் போல மரியாதையாகச் சொன்னாள். செருப்பால் அடித்திருந்தால்கூட வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கியிருப்பேன். இந்த ‘தம்பி’ வருடக்கணக்கில் தூங்கவிடவில்லை. கேலி பேசியே பிழைத்தவன் நான். அவள் முன்னால் மட்டும் எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

போன மாதம் மாமா, ஊருக்குள் தெருவை ஒட்டி ஒரு மனை பார்த்திருக்கிறார். அக்கா கேட்கவில்லை, நானாகத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இப்போது லேபில் புதுக் கம்ப்யூட்டர்கள், இன்டர்நெட்டும் ஓடுகிறது. ஓரத்தில் அதே சின்னச் சதுரக் கட்டங்கள். ஒன்றிலும் டிக் போடாமல், பக்கம் பக்கமாகத் திறந்து, எங்கள் ஏரிகளுக்குப் பொருந்துகிறதையெல்லாம் ஓட்டினேன். எதிலும் நீலம் அந்த மனைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அக்காவின் செல்போனுக்கு அடித்தேன்.

“அக்கா, எல்லாத்தியும் பாத்துட்டன்கா. இந்த எடத்துக்குத் தண்ணி வராது. தைரியமாக் கட்டு.”

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது.

“இரு கம்ப்யூட்டரு, கெயவியக் கேட்டுக்கினு சொல்றன்.”