வாடிய கொழுந்துக்கு ஓர் உருதுச் சொல்

இன்று ஹந்தானை ஏற்றத்தில் பஸ் திரும்பியதும், தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியிலிருந்து கொழுந்து வாடும் வாசம் பழக்கூடையைத் திறந்தாற்போல வந்தது. எனக்கு மீண்டும் எட்டு வயதாகிவிட்டது.

அப்போது அப்பா அங்கே டீமேக்கர்; கொழுந்தைத் தேயிலைத் தூளாக்கும் வேலை முழுதும் அவர் பொறுப்பு. கராச்சியிலிருந்து தேயிலை வாங்க வந்தவருக்கு உருது மட்டுமே தெரியும். மொழிபெயர்க்க, கண்டி நகரத் துணிக்கடைக்காரர் காசிம் பாய் வந்திருந்தார். கொழுந்தை வாடவிடும் வேலையை அப்பா ‘விதரிங்’ என்றார்; பாய் அதை ‘முர்ஜானா’ என்றார். உடனே வந்தவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“என்ன பாய் சொன்னீங்க?”

“வாடிப்போறதுன்னுதான்! நேத்துப் பூமாலைய விக்கிறீங்களான்னு கேக்கிறாரு, ஐயா.”

வந்தவர் வாங்காமல் போனால் தோட்டத்து மேலாளரான துரை அப்பாவைத்தான் பிடிப்பார். நான் கதவோரத்திலிருந்து அப்பாவையே பார்த்தேன்.

“வார்த்தைய விடுங்க. மேல கூட்டிட்டு வாங்க!” அப்பா விறுவிறுவெனப் படியேறினார்.

அங்கே பரப்பியிருந்த கொழுந்தில் ஒரு பிடி அள்ளி வந்தவர் கையில் வைத்து, இறுக்கிப் பார்க்கச் சொன்னார். அது நொறுங்காமல் பட்டுத்துணிபோலச் சுருண்டது. வந்தவர் முகர்ந்தார், கண்களை மூடி மறுபடியும் முகர்ந்தார், பிறகு உரக்கச் சிரித்து ஏதோ சொன்னார்.

“என்னாங்குறாரு பாய்?”

“இவ்வளவு வாசமா வாடலாம்னா நானும் வாடத் தயார்ங்கிறாரு! சரக்கு எடுக்கிறாராம், ஐயா!”

பஸ் யன்னலை முழுவதுமாகத் திறந்துவிட்டேன்.